தேர்தலும் மக்கள் கருத்தும்: மாதிரி ஆய்வு செயல்படும் விதம்

மக்களாட்சி நாட்டில் வாக்குப்பெட்டியின் தீர்ப்பே இறுதியானது. யார் ஆள வேண்டும் என்ற கேள்விக்கு அது ஐயத்திற்கு இடமின்றி விடை கூறிவிடுகிறது. ஆயினும், வாக்களித்தவர் எந்தக் காரணத்தால் அவ்வாறு முடிவு செய்தார், வாக்களிக்காதவர் எதனால் வீட்டிலேயே இருந்துவிட்டார், நிலமற்ற விவசாயத் தொழிலாளியின் விருப்பமும் நகரத்து அலுவலரின் விருப்பமும் எங்கே ஒன்றுபட்டன, எங்கே வேறுபட்டன என்பவற்றைப் பற்றி வாக்குப்பெட்டி எதுவும் சொல்வதில்லை. இரகசிய வாக்கெடுப்பு முறையில் அது சொல்லவும் இயலாது. வாக்குச் சீட்டிலோ மின்னணு இயந்திரத்திலோ வாக்காளரின் பெயர், தொழில், வயது, வருமானம் எதுவும் பதிவாவதில்லை. அவ்வாறு பதிவாகாமல் இருப்பதே வாக்குரிமையின் பாதுகாப்பு.

எனவே, மக்களின் அரசியல் கருத்தை அறிய விரும்பும் ஆய்வாளர், வாக்காளரின் வீட்டு வாசலுக்குச் சென்று, அவருடைய சம்மதத்தைப் பெற்றுக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் யாருடைய வாசலுக்குச் செல்வது? 1951-52ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற முதல் பொதுத் தேர்தலில் ஏறத்தாழ 17.3 கோடியாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை, 2024ஆம் ஆண்டில் 97 கோடியை நெருங்கியது. வாக்குச் சாவடிகள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டவை. இவ்வளவு பெரிய மக்கள் தொகையிலிருந்து சில ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் கூறுவது நாட்டின் குரல் என்று கூறுவதற்கு என்ன ஆதாரம் உண்டு? அந்த ஆதாரத்தைத் தருவது சமவாய்ப்பு மாதிரி முறையாகும்.

ஒரு சோறு எப்போது பதமாகும்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. மாதிரி ஆய்வின் அடிப்படைக் கருத்து இதில் அடங்கியுள்ளது. ஆனால் இப்பழமொழி உண்மையாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பானையில் உள்ள சோறு முழுவதும் ஒரே சீராக வெந்திருக்க வேண்டும். அடியில் குழைந்தும் மேலே அரிசியாகவும் இருக்கும் பானையில், கைக்கு எட்டிய மேற்பரப்பிலிருந்து எடுத்த ஒரு பருக்கை தவறான செய்தியையே தரும்.

இந்திய சமுதாயம் ஒரே சீராக வெந்த சோறன்று. மொழி, சாதி, சமயம், வருமானம், கல்வி, நிலவுடைமை ஆகிய ஒவ்வொன்றும் மக்களின் கருத்தில் வேறுபாடுகளை விளைவிக்கின்றன. இத்தகைய சமுதாயத்தில், ஆய்வாளரின் கைக்கு எளிதில் எட்டியவர்களை மட்டும் கேட்பது பயனற்றது. தேநீர்க் கடையில் அமர்ந்திருப்பவரும் பேருந்து நிலையத்தில் நிற்பவரும் எளிதில் பேசக்கூடியவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஆண்கள். பெரும்பாலோர் சாலை வசதியுள்ள ஊரினர்.

சமவாய்ப்பு முறையில் தேர்வு செய்யும் உரிமை ஆய்வாளரிடமிருந்து பறிக்கப்பட்டு, எண்களிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஒவ்வொரு வாக்காளருக்கும் தேர்ந்தெடுக்கப்படுவதற்கான வாய்ப்பு முன்கூட்டியே கணக்கிடத் தக்கதாக இருக்க வேண்டும். எவருடைய வாய்ப்பும் பூஜ்யமாக இருத்தலாகாது. இவ்விரு விதிகளும் நிறைவேறும்போதுதான், மாதிரியில் காணும் விகிதம் மக்கள் தொகையில் உள்ள உண்மை விகிதத்திலிருந்து எவ்வளவு விலகக்கூடும் என்பதைக் கணிதத்தின் துணையால் கூற முடியும்.

எண்ணிக்கை மட்டும் போதாது

பெரிய மாதிரியே சிறந்த மாதிரி என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. 1936ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தல் இவ்வெண்ணத்தைத் தகர்த்தது. ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சல் வழியாக மாதிரி வாக்குச் சீட்டுகளை அனுப்பியது. இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அவற்றைத் திருப்பி அனுப்பினர். குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் வெற்றி பெறுவார் என்று அவ்விதழ் அறிவித்தது. தேர்தலில் ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46 மாநிலங்களைக் கைப்பற்றினார்.

தவறு எங்கே நேர்ந்தது? முகவரிகளுள் பெரும்பாலானவை தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகன உரிமையாளர் பட்டியல்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை. பொருளாதார மந்தத்தால் நாடு துன்புற்றிருந்த காலத்தில், தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதி படைத்தோர். ஏழைகளின் குரல் பட்டியலிலேயே இடம்பெறவில்லை. மேலும், சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களுக்கும் அனுப்பாதவர்களுக்கும் இடையே கருத்து வேறுபாடு இருந்தது. அதே தேர்தலில், மிகச் சிறிய மாதிரியைக் கொண்டு ரூஸ்வெல்டின் வெற்றியைச் சரியாகக் கூறிய ஜார்ஜ் கேலப் புகழ் பெற்றார்.

ஆனால் கேலப் பயன்படுத்தியதும் சமவாய்ப்பு முறையன்று. இத்தனை ஆண்கள், இத்தனை பெண்கள், இத்தனை வயதினர் என்று ஒதுக்கீடு செய்து, அந்த வரம்புக்குள் எவரைக் கேட்பது என்பதைக் களப்பணியாளரின் விருப்பத்துக்கு விட்ட ஒதுக்கீட்டு மாதிரி அது. 1948ஆம் ஆண்டில் டியூவி வெற்றி பெறுவார் என்று கேலப் உள்ளிட்ட முன்னணிக் கணிப்பாளர்கள் கூறினர். வெற்றி பெற்றவர் ட்ரூமன். ஒதுக்கீட்டின் எண்ணிக்கை நிறைவேறினாலும், அதற்குள் அணுகுவதற்கு எளியவர்களையே களப்பணியாளர் நாடுகின்றனர் என்ற குறைபாடும், தேர்தலுக்குப் பல நாட்கள் முன்னதாகவே கருத்துக் கேட்பதை நிறுத்திக்கொண்டதும் இத்தோல்விக்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. இதன் பின்னர் சமவாய்ப்பு முறையின் மதிப்பு உயர்ந்தது.

இந்திய அனுபவம்

மாதிரி ஆய்வுத் துறையில் இந்தியா பிறரைப் பின்பற்றிய நாடு மட்டுமன்று. வழி காட்டிய நாடும் ஆகும். 1931ஆம் ஆண்டில் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அமைத்த பேராசிரியர் பி. சி. மகலனோபிஸ், வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பை மதிப்பிடுவதற்கு மாதிரி ஆய்வுகளை நடத்தினார். ஒரே பகுதியை இரு வேறு குழுவினர் தனித்தனி மாதிரிகளைக் கொண்டு ஆராய்ந்து, முடிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறையை அவர் வகுத்தார். களப்பணியில் நேரும் பிழைகள் இதனால் வெளிப்பட்டன. 1950ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வு, குடும்பங்களின் செலவு, வேலை, நிலவுடைமை ஆகியவற்றைப் பற்றிய தகவல்களை வீடு வீடாகத் திரட்டும் பணியில் உலகின் கவனத்தை ஈர்த்தது.

அரசியல் கருத்தாய்வு வேறு வழியில் வளர்ந்தது. எரிக் டி கோஸ்டா தலைமையில் டெல்லியில் இயங்கிய இந்தியப் பொதுக் கருத்து நிறுவனம் 1950களில் வாக்காளர் கருத்துக் கணிப்பைத் தொடங்கியது. ரஜனி கோத்தாரி 1963ஆம் ஆண்டில் நிறுவிய வளரும் சமுதாயங்கள் ஆய்வு மையம், 1967ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலையொட்டி அகில இந்திய அளவிலான தேர்தல் ஆய்வை மேற்கொண்டது. 1971ஆம் ஆண்டிலும் இவ்வாய்வு நடைபெற்றது. இடையில் தளர்ந்த இம்முயற்சி 1996ஆம் ஆண்டில் புத்துயிர் பெற்றது. அவ்வாண்டில் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களும், 2004ஆம் ஆண்டில் 27,000க்கும் மேற்பட்டோரும் நேரில் சந்திக்கப்பட்டனர். இம்மையத்தின் ‘லோக்நீதி’ பிரிவு அதன் பின் ஒவ்வொரு மக்களவைத் தேர்தலிலும் இப்பணியைத் தொடர்ந்து வந்துள்ளது. பல மாநிலங்களின் பல்கலைக்கழக, கல்லூரி ஆசிரியர்கள் இதன் ஒருங்கிணைப்பாளர்களாகவும், பயிற்சி பெற்ற மாணவர்கள் களப்பணியாளர்களாகவும் செயல்படுகின்றனர்.

வாக்காளர் பட்டியலே அடித்தளம்

மாதிரியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் மக்கள் அனைவரையும் உள்ளடக்கிய ஒரு பட்டியல் தேவை. இதனை மாதிரிச் சட்டகம் என்பர். இந்தியாவில் தேர்தல் ஆய்வாளருக்கு வாய்த்த பெரும் நன்மை, தேர்தல் ஆணையம் தயாரிக்கும் வாக்காளர் பட்டியலாகும். ஒவ்வொரு வாக்குச் சாவடிக்கும் உரிய பாகத்தில் வாக்காளரின் பெயர், உறவினர் பெயர், வீட்டு எண், வயது, பால் ஆகிய விவரங்கள் வரிசை எண்ணுடன் அச்சிடப்பட்டிருக்கும். குறிப்பிட்ட வரிசை எண்ணுக்கு உரியவர் எவர், எந்த வீட்டினர் என்பதை ஆய்வாளர் ஊருக்குச் செல்வதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம்.

எனினும், பட்டியலின் குறை ஆய்வின் குறையாகிவிடும். முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, வட மாநிலங்கள் சிலவற்றில் பெண்கள் பலர் தம் பெயரைக் கூறாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று மட்டுமே பதிவு செய்தனர். அவர்கள் தம் பெயரைத் தரவேண்டும் என்று தேர்தல் ஆணையம் வலியுறுத்தியது. தராத ஏறத்தாழ 28 இலட்சம் பெண்களின் பதிவுகள் நீக்கப்பட்டன. அப்பட்டியலிலிருந்து எடுக்கப்படும் எந்த மாதிரியிலும் அப்பெண்கள் இடம்பெற்றிருக்க இயலாது. இறந்தோர் பெயர் நீக்கப்படாமை, வேலை தேடி இடம் பெயர்ந்தோர் பெயர் பழைய ஊரிலேயே நிற்றல், புதிதாக 18 வயது நிரம்பியோர் பெயர் சேராமை ஆகியவையும் பட்டியலின் தரத்தைக் குறைக்கும். வாக்காளர் பட்டியலைத் திருத்தும் அலுவலரின் கவனம், வாக்குரிமைக்கு மட்டுமின்றி, மக்கள் கருத்தை அறியும் அறிவியலுக்கும் துணை செய்கிறது எனலாம்.

தேர்வின் படிகள்

97 கோடிப் பெயர்களை ஒரே குவியலாக்கிக் குலுக்கி எடுத்தால், ஒவ்வொரு பெயருக்காகவும் வெவ்வேறு ஊருக்குப் பயணம் செய்ய நேரிடும். ஆகையால் தேர்வு பல கட்டங்களாக நடைபெறுகிறது.

முதற்கட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இங்கு ஒவ்வொரு தொகுதிக்கும் அதன் வாக்காளர் எண்ணிக்கைக்கு ஏற்ற வாய்ப்பு அளிக்கப்படும். மூன்று இலட்சம் வாக்காளர்களைக் கொண்ட தொகுதிக்கு, ஒன்றரை இலட்சம் பேரைக் கொண்ட தொகுதியைப் போல் இரு மடங்கு வாய்ப்பு உண்டு. ஆனால் தேர்வான தொகுதி ஒவ்வொன்றிலும் ஒரே எண்ணிக்கையினரே கேட்கப்படுவதால், பெரிய தொகுதிக்குள் தனி மனிதரின் வாய்ப்பு பாதியாகக் குறைகிறது. இரட்டிப்பும் பாதியும் ஒன்றையொன்று ஈடு செய்ய, முடிவில் இரு தொகுதி வாக்காளர்களுக்கும் சமமான வாய்ப்பே கிடைக்கிறது.

இரண்டாம் கட்டத்தில் தொகுதிக்குள் சில வாக்குச் சாவடிகள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. மூன்றாம் கட்டத்தில் அச்சாவடியின் பட்டியலிலிருந்து வாக்காளர்கள் தேர்வாகின்றனர். ஒரு சாவடியில் 1,200 வாக்காளர்கள் உள்ளனர், அவர்களுள் 20 பேர் தேவை என்று கொள்வோர், 1,200ஐ 20ஆல் வகுத்து 60 என்னும் இடைவெளியைப் பெறுவர். 1 முதல் 60 வரையுள்ள எண்களில் ஒன்று குலுக்கல் முறையில் எடுக்கப்படும். அது 37 எனில், 37, 97, 157 என்று அறுபது அறுபதாகச் சென்று 1,177இல் இருபதாவது பெயர் கிடைக்கும். பட்டியல் வீட்டு வரிசையில் அமைந்திருப்பதால், இம்முறை ஊரின் ஒரு மூலையிலேயே தேங்கிவிடாமல் எல்லாத் தெருக்களையும் தொட்டுச் செல்கிறது.

நம்பகமான பட்டியல் கிடைக்காத இடங்களில் முதலில் வீடுகள் குறிப்பிட்ட இடைவெளியில் தேர்ந்தெடுக்கப்பட்டு, பின்னர் வீட்டிலுள்ள வயது வந்தோருள் ஒருவர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். கதவைத் திறப்பவரையே கேட்டுவிடாமல் இருப்பதற்காக, லெஸ்லி கிஷ் என்னும் புள்ளியியலறிஞர் 1949ஆம் ஆண்டில் ஓர் அட்டவணையை வகுத்தளித்தார். வீட்டிலுள்ளோர் அனைவரையும் வரிசைப்படுத்தி, அட்டவணை காட்டும் எண்ணுக்கு உரியவரை மட்டுமே கேட்க வேண்டும் என்பது அவர் முறை.

இப்படிகளின் சமுதாயப் பொருள் ஆழமானது. பட்டியலில் விழுந்த எண் ஊருக்குப் புறத்தே உள்ள தாழ்த்தப்பட்டோர் குடியிருப்பைக் காட்டினால், களப்பணியாளர் அங்குதான் செல்ல வேண்டும். மலைமேல் உள்ள பழங்குடிச் சிற்றூரைக் காட்டினால், ஏறிச் செல்ல வேண்டும். ஊர்ப் பெரியவர் தம் திண்ணையிலேயே அமரச் செய்து, ஊரார் அனைவரின் கருத்தையும் தாமே கூறிவிட முன்வந்தாலும், பட்டியலிலுள்ள பெயருக்கு உரியவரே பதில் சொல்ல வேண்டும்.

பூட்டிய கதவு

ஏட்டில் நேர்த்தியாக அமைந்த மாதிரி, களத்தில் சிதைவதற்குக் காரணமாவது பெரும்பாலும் பூட்டிய கதவே. பகலில் வீட்டில் இருப்பவர்கள் முதியோர், வேலையற்ற இளைஞர், வீட்டுப் பணிகளைக் கவனிக்கும் பெண்கள் ஆகியோர். வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் சென்றவர் பொழுது சாய்ந்தே திரும்புவர். பெயருக்கு உரியவர் இல்லையென்று அடுத்த வீட்டுக்காரரைக் கேட்டு வினாப்பட்டியலை நிரப்பினால், எண்ணிக்கை நிறைவேறும். ஆனால் உழைக்கும் மக்களின் இடத்தில் ஓய்ந்திருப்போர் அமர்ந்துவிடுவர். மேற்பார்வையாளர் கண்ணில் படாமல் நிகழக்கூடிய இப்பதிலீடு, ‘லிட்டரரி டைஜஸ்ட்’ செய்த பிழையைச் சிறிய அளவில் மீண்டும் செய்வதாகும். எனவே, நல்ல ஆய்வுகளில் பதிலீடு தடை செய்யப்பட்டுள்ளது. மாலையிலோ அதிகாலையிலோ மீண்டும் சென்று பார்ப்பதும், அதன் பின்னும் காண இயலாதவரைக் ‘காணவில்லை’ என்றே பதிவு செய்வதும் விதியாகும்.

சந்திக்கப்பட்டவர்களின் அமைப்பு, மக்கள்தொகைக் கணக்கெடுப்புடன் ஒப்பிடப்படுகிறது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தாழ்த்தப்பட்டோர் 16.6 சதவீதம், பழங்குடியினர் 8.6 சதவீதம், நகரவாசிகள் ஏறத்தாழ 31 சதவீதம். மாதிரியில் பழங்குடியினர் குறைவாக இருப்பின், அவர்தம் பதில்களுக்கு எடை கூட்டப்படும். ஆனால் எடை கூட்டுவது முழு மருந்தாகாது. வெளிமாநிலத்தில் வேலை செய்யும் பழங்குடி இளைஞரின் கருத்து, ஊரில் இருக்கும் பழங்குடி முதியவரின் கருத்தாகவே இருக்கும் என்று எடை கருதிக்கொள்கிறது. அது உண்மையாக இல்லாவிடில், திருத்தமும் தவறாகும்.

கேட்கும் விதம்

சரியான மனிதரைக் கண்டபின், சரியான முறையில் கேட்க வேண்டும். ‘விலைவாசி இவ்வளவு உயர்ந்துள்ள நிலையில் அரசின் செயல் உங்களுக்குத் திருப்தி அளிக்கிறதா?’ என்ற கேள்வி, பதிலைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. ‘அரசின் செயல் உங்களுக்குத் திருப்தி அளிக்கிறதா, அதிருப்தி அளிக்கிறதா?’ என்பது நடுநிலையான கேள்வி. கேள்விகளின் வரிசையும் முக்கியமானது. வேலையின்மை பற்றிப் பல கேள்விகள் கேட்டபின் அரசை மதிப்பிடச் சொன்னால், வேலையின்மையின் நிழல் மதிப்பீட்டின் மீது விழும். பல மொழிகளில் நடைபெறும் ஆய்வில், மொழிபெயர்த்த வினாவை வேறொருவரைக் கொண்டு மூல மொழிக்கு மீண்டும் பெயர்த்துப் பார்ப்பது பிழைகளைக் காட்டித் தரும். ‘தெரியாது’ என்பதும் ஒரு பதிலே. அதனை வற்புறுத்தி வேறு பதிலாக மாற்றுதல் கூடாது.

பெண்களிடம் கேட்கும்போது கணவரோ மாமனாரோ முந்திக்கொண்டு பதில் கூறுவது பல வீடுகளில் காணப்படும் நிலையாகும். தனியே அமர்ந்து கேட்பதும், இயன்ற இடங்களில் பெண் களப்பணியாளரை அனுப்புவதும் இதற்குத் தீர்வு. ஒரு வீட்டுக்கு ஒரு கருத்து என்று கொண்டால், பெண்ணின் வாக்குரிமை ஆய்வில் மறைந்துபோகும்.

எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்ற கேள்வியே மிக நுண்ணியது. இதனை வாய்விட்டுக் கேட்பதற்குப் பதிலாக, கட்சிச் சின்னங்கள் அச்சிட்ட மாதிரிச் சீட்டு ஒன்று வாக்காளரிடம் தரப்படுகிறது. அவர் மறைவாகக் குறியிட்டு, மடித்து, களப்பணியாளர் கொண்டுவந்த பெட்டியில் இடுகிறார். பிறர் செவியில் விழாத இம்முறை அச்சத்தைக் குறைக்கிறது. இருப்பினும் சில சாய்வுகள் எஞ்சுகின்றன. வாக்களிக்காத சிலர், கடமை தவறியதாகக் கருதப்படுவோம் என்று நாணி, வாக்களித்ததாகவே கூறுவர். முடிவு வெளியானபின் கேட்டால், வென்ற கட்சிக்கே வாக்களித்ததாகக் கூறுவோர் தொகை பெருகும். ஆகவேதான் வாக்குப்பதிவுக்குப் பின்னும் வாக்கு எண்ணிக்கைக்கு முன்னும் உள்ள சில நாட்களில் வீட்டுக்குச் சென்று கேட்கும் முறை விரும்பப்படுகிறது. சாவடி வாயிலில் அவசரமாகக் கேட்கப்படும் வெளிவாயில் கணிப்பினின்றும் இது வேறுபட்டது.

பிழையின் அளவு

எந்த மாதிரியிலும் பிழை உண்டு. நேர்மையான ஆய்வு அப்பிழையின் அளவைக் கூறும். சமவாய்ப்பு முறையில் 100 பேரைக் கேட்டால், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை, உண்மை விகிதம் கண்ட விகிதத்திலிருந்து ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளிகளுக்குள் இருக்கும். 400 பேர் எனில் 5 புள்ளிகள். 2,500 பேர் எனில் 2 புள்ளிகள். 10,000 பேர் எனில் 1 புள்ளி. பிழையைப் பாதியாக்க மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும். மக்கள் தொகை ஒரு கோடியா நூறு கோடியா என்பது இக்கணக்கைப் பெரிதும் பாதிப்பதில்லை.

ஆனால் இவ்வெண்கள் தனித்தனியே எடுத்த மாதிரிக்கு உரியவை. ஒரே சாவடியில் இருபது பேரைக் கேட்கும்போது, அருகருகே வாழ்வோர் ஒத்த கருத்தினராக இருக்கக்கூடும். அதனால் 10,000 பேரின் பதில்கள் தனித்தனியே எடுத்த 5,000 பேரின் பதில்களுக்கே சமமாகலாம். பிழையும் 1 புள்ளியிலிருந்து 1.4 புள்ளியாக உயரலாம். உட்பிரிவுகளில் பிழை மேலும் பெருகும். 10,000 பேர் கொண்ட மாதிரியில் பழங்குடியினர் ஏறத்தாழ 860 பேரே இருப்பர். அவர்களைப் பற்றிய முடிவில் 3 புள்ளிகளுக்கும் மேற்பட்ட பிழைக்கு இடமுண்டு. அவர்களை மாநில வாரியாகவும் பிரித்துப் பேசினால், எண்கள் பொருளிழந்துவிடும்.

வாக்கு வேறு, இடம் வேறு

தேர்தல் கணிப்புகள் பொதுமக்களின் நகைப்புக்கு ஆளாவது பெரும்பாலும் இடங்களின் எண்ணிக்கையைக் கூற முற்படும்போதுதான். 2004ஆம் ஆண்டில் தேசிய ஜனநாயகக் கூட்டணி ஆட்சியைத் தக்கவைத்துக்கொள்ளும் என்ற எதிர்பார்ப்பைக் கணிப்புகள் வளர்த்தன. முடிவில் காங்கிரஸ் 145 இடங்களையும் பாரதிய ஜனதா கட்சி 138 இடங்களையும் பெற, ஆட்சி மாறியது. 2024ஆம் ஆண்டில் அதே கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் கிடைக்கும் என்று வெளிவாயில் கணிப்புகள் பல கூறின, கிடைத்தவை 293.

இதற்குக் காரணம் மாதிரியின் குறை மட்டுமன்று. கூடுதல் வாக்கு பெற்றவரே வெற்றி பெறும் தேர்தல் முறையில், வாக்கு விகிதத்துக்கும் இடங்களுக்கும் நேர் விகிதத் தொடர்பு இல்லை. 1984ஆம் ஆண்டு டிசம்பரில் ஏறத்தாழ 49 சதவீத வாக்குகள் காங்கிரஸ் கட்சிக்கு 514 இடங்களில் 404 இடங்களைத் தந்தன. 1989ஆம் ஆண்டில் 40 சதவீதத்தை ஒட்டிய வாக்குகள் 197 இடங்களையே தந்தன. 2014ஆம் ஆண்டில் பாரதிய ஜனதா கட்சி 31 சதவீத வாக்குகளுடன் 282 இடங்களைப் பெற்றது. அதே தேர்தலில் பகுஜன் சமாஜ் கட்சி 4 சதவீதத்துக்கு மேல் வாக்குகள் பெற்றும் ஓரிடமும் பெறவில்லை. 2019ஆம் ஆண்டுக்கும் 2024ஆம் ஆண்டுக்கும் இடையே பாரதிய ஜனதா கட்சியின் வாக்கு 37.4 சதவீதத்திலிருந்து 36.6 சதவீதமாக, ஒரு புள்ளிக்கும் குறைவாகவே சரிந்தது. இடங்களோ 303இலிருந்து 240ஆகக் குறைந்தன.

ஒரு புள்ளிக்கும் குறைவான மாற்றத்தை எந்த மாதிரி ஆய்வும் உறுதியாகக் காண இயலாது. எதிர்க்கட்சிகள் ஒன்றுபட்டனவா, வாக்குகள் ஒரு மாநிலத்தில் குவிந்தனவா, பரவினவா என்பவையே இடங்களை முடிவு செய்கின்றன. எனவே, இடக் கணிப்பு தவறிவிட்டது என்பதால் மக்கள் கருத்தாய்வு முழுவதையும் புறக்கணிப்பதும், இடக் கணிப்பு பலித்துவிட்டது என்பதால் ஆய்வு முறை சிறந்தது என்று முடிவு செய்வதும் ஒருசேரத் தவறாகும்.

சட்டமும் நம்பிக்கையும்

1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 94ஆவது பிரிவு, எவரையும் தாம் யாருக்கு வாக்களித்தார் என்று கூறுமாறு கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. 126ஆவது பிரிவு, வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் பற்றிய கருத்துக் கணிப்பு முடிவுகளைத் தொலைக்காட்சி போன்ற சாதனங்களில் ஒளிபரப்புவதைத் தடுக்கிறது. 2009ஆம் ஆண்டில் நிறைவேறிய திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 126அ பிரிவு, ஆணையம் அறிவிக்கும் காலத்தில் வெளிவாயில் கணிப்பு நடத்துவதையும் அதன் முடிவுகளை வெளியிடுவதையும் தடை செய்து, இரண்டாண்டு வரை சிறைத் தண்டனைக்கோ அபராதத்துக்கோ இரண்டுக்குமோ வழி வகுத்துள்ளது. பல கட்டங்களாக நடைபெறும் தேர்தலில், முன் கட்டத்தினர் அளித்த வாக்கு பின் கட்டத்தினரின் முடிவைப் பாதிக்கலாகாது என்பதே இதன் நோக்கம்.

சட்டம் எட்டாத இடமும் ஒன்று உண்டு. வாக்குச் சாவடி வாரியான முடிவுகள் வெளியாகும் நாட்டில், தம் தெரு எவ்வாறு வாக்களித்தது என்பது வெளிப்பட்டுவிடுமோ என்று சிறுபான்மையான பிரிவினர் அஞ்சுவது இயல்பு. கையில் காகிதத்துடன் வந்து பெயர் சொல்லி அழைப்பவர் அரசு அலுவலரோ, கட்சியினரோ, உதவித்தொகையை நிறுத்த வந்தவரோ என்ற ஐயம் ஏழை வீடுகளில் எழுவதுண்டு. களப்பணியாளர் தாம் யார், எதற்காக வந்துள்ளார் என்பதைத் தெளிவாகக் கூற வேண்டும். மறுக்கும் உரிமை உண்டு என்பதையும் எடுத்துரைக்க வேண்டும். மாதிரிச் சீட்டையும் வினாப்பட்டியலையும் இணைக்க ஓர் எண் தேவைப்படலாம். பெயர் அவற்றில் இருத்தலாகாது. ஒரு தெருவின் கருத்தை அடையாளம் காட்டும் எந்தப் புள்ளிவிவரமும் வெளியாதல் கூடாது. ஒருமுறை இந்நம்பிக்கை முறிந்தால், அடுத்து வருபவருக்கு அவ்வூரில் உண்மையான பதில் கிடைக்காது.

பயன் என்ன?

யார் வெற்றி பெறுவார் என்பது வாக்கு எண்ணும் நாளில் தானே தெரிந்துவிடும். வீட்டு வாசல் ஆய்வின் நிலையான பயன் வேறு. வாக்கு எண்ணிக்கை ஆண், பெண் வாக்களிப்பு விகிதத்தைத் தரும். 1962ஆம் ஆண்டில் ஆண்கள் ஏறத்தாழ 63 சதவீதமும் பெண்கள் 47 சதவீதமும் வாக்களித்தனர். 2019ஆம் ஆண்டில் இவ்விடைவெளி மறைந்துவிட்டது. ஆனால் அப்பெண்கள் எவருடைய ஆலோசனையின் பேரில் வாக்களித்தனர், எந்தப் பிரச்சினையை முதன்மையாகக் கருதினர் என்பதை ஆய்வே கூற இயலும். ‘உங்கள் வாக்கு நாட்டு நடப்பில் விளைவை ஏற்படுத்துகிறதா?’ என்ற கேள்விக்கு 1971ஆம் ஆண்டில் ஏறத்தாழ பாதிப் பேர் ஆம் என்றனர். 1996ஆம் ஆண்டில் பத்தில் ஏறக்குறைய ஆறு பேர் ஆம் என்றனர். மக்களாட்சியின் வேர் எவ்வளவு ஆழமாகச் சென்றுள்ளது என்பதற்கு இத்தகைய தொடர் ஆய்வுகள் சான்றாகின்றன.

நிருவாகத்துக்கும் இம்முறை பயன்படுகிறது. தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் கல்வித் திட்டத்தின் கீழ், மக்களின் அறிவு, மனப்பான்மை, நடைமுறை பற்றிய ஆய்வுகள் மாநிலங்களில் நடத்தப்படுகின்றன. இவை எந்தக் கட்சி என்று கேட்பதில்லை. பெயர் ஏன் பதிவாகவில்லை, சாவடிக்கு ஏன் வரவில்லை என்பவற்றையே கேட்கின்றன. தொலைவு காரணமா, அடையாள அட்டை இன்மை காரணமா, வேலைக்காக ஊர் பெயர்ந்தமை காரணமா என்பதைப் பொறுத்தே பரிகாரம் அமையும்.

அண்மை ஆண்டுகளில் கைப்பேசி வழியாகவும் இணையம் வழியாகவும் விரைவாகக் கருத்துக் கேட்கும் முறைகள் பெருகியுள்ளன. செலவு குறைவு, நேரம் மிச்சம் என்பன அவற்றின் சிறப்புகள். ஆனால் கைப்பேசி இல்லாதவரும், வீட்டு ஆண்களின் கைப்பேசியையே நம்பியிருக்கும் பெண்களும் அவற்றில் விடுபட்டுப்போகக் கூடும். 1936ஆம் ஆண்டின் தொலைபேசிப் பட்டியல் கற்பித்த பாடத்தை, கருவி மாறிய காலத்திலும் மறத்தலாகாது.

தேர்தல் நாளன்று ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு. சமவாய்ப்பு மாதிரி அதே சமத்துவத்தைக் கேள்வி கேட்கும் இடத்துக்கும் கொண்டு செல்கிறது. பட்டியலில் 37ஆம் எண்ணுக்கு உரியவர் கூலி வேலை முடிந்து வீடு திரும்பும் வரை காத்திருந்து, அவரிடமே கேட்டுப் பதிவு செய்யும் மாணவரின் பொறுமையில்தான், பல கோடி மக்களின் குரல் பிழையின்றி ஏட்டில் ஏறுவது அடங்கியுள்ளது.